ஆண்டறிக்கை: பொபோவ்ஸ்கியோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாசிப்பு வட்ட நண்பர்களே, வணக்கம்.

மாதத்துக்கொரு தலைப்பு என்று அலையாமல் ஆண்டு முழுக்க ஒரே ஆளைப் படிப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். நாம் எடுத்துக்கொண்டவர் நிக்கொலாய் பொபோவ்ஸ்கி. மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் முதல் ரஷ்யப் பேராசிரியர்களில் ஒருவர். பெயரைச் சொன்னதும் "யார் இவர்?" என்று கேட்டவர்களே அதிகம். அவர்களில் பெரும்பாலோர் கடைசிக் கூட்டம் வரை வந்தார்கள் என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

முதல் சில கூட்டங்கள் அவர் வாழ்க்கைக்கே போயின. 1730 வாக்கில் பிறந்தவர். அப்பா மாஸ்கோவின் புனித பசில் தேவாலயத்துப் பாதிரியார். 1748இல் பீட்டர்ஸ்பர்க் அகாதெமிக்குப் படிக்கப் போனார். அங்கே அறிவியலாளரும் கவிஞருமான லொமனோசவுக்குப் பிரியமான மாணவர் ஆனார். 1755இல் பல்கலைக்கழகம் தொடங்கியபோது மாஸ்கோவுக்கே திரும்பினார். அது நடந்த பழைய கட்டடம் செஞ்சதுக்கத்தின் ஒரு முனையில் இருந்தது. மறுமுனையில் அப்பாவின் தேவாலயம்.

அந்த ஆண்டு அவர் தத்துவ வகுப்பைத் தொடங்கி ஆற்றிய உரையைத்தான் நாம் அதிக நேரம் வாசித்தோம். மூன்று கூட்டங்கள் போதவில்லை. ஐரோப்பாவில் பல இடங்களில் தத்துவ வகுப்பு என்றால் லத்தீன்தான் என்றிருந்த காலம் அது. வகுப்பை ரஷ்ய மொழியிலேயே நடத்தலாம் என்றார் அவர். ரஷ்ய மொழியில் சொல்ல முடியாத எண்ணமே இல்லை என்பது அவர் வாதம். சரி, கலைச்சொற்களுக்கு என்ன செய்வது? ரோமானியர் கிரேக்கரிடம் தத்துவம் கற்றபோது முடிந்த சொற்களை மொழிபெயர்த்தார்கள், முடியாதவற்றை அப்படியே வைத்துக்கொண்டார்கள், நாமும் அதையே செய்யலாம் என்று பதில் சொன்னார். நாடு முழுவதிலும் ஒருவருக்கோ சிலருக்கோ மட்டும் புரிவதாக இல்லாமல், ரஷ்ய மொழி தெரிந்த எவரும் பயன்படுத்தும்படி தத்துவத்தைத் தொடங்குவோம் என்று முடித்தார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அந்தப் பகுதியை உரக்க வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்து அவர் மொழிபெயர்ப்புகள். ஆங்கிலக் கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் 'மனிதனைப் பற்றிய கட்டுரை' என்ற நீள்கவிதையைப் பிரெஞ்சு வழியாக ரஷ்யச் செய்யுளில் தந்தார். (திருக்குறளை மொழிபெயர்த்த ஜி.யு. போப் வேறு. கூட்டத்தில் இந்தக் குழப்பம் வந்ததால் குறிப்பிடுகிறேன்.) பூமி சூரியனைச் சுற்றுகிறது, உலகங்கள் பல உண்டு என்ற கருத்துகள் வேதத்துக்குப் பொருந்தாதவை என்று திருச்சபை மன்றம் அச்சிட அனுமதி மறுத்தது. பல்கலைக்கழகத்தின் காப்பாளர் ஷுவாலவ் விடவில்லை. ஆயர் அம்வ்ரோசி சில அடிகளைத் தாமே மாற்றி எழுதிய பிறகு 1757இல் நூல் வெளிவந்தது. மாற்றிய அடிகள் மட்டும் பெரிய எழுத்தில் அச்சாயின. கை வைத்த இடம் எது என்று யாரும் ஒரு பார்வையிலேயே கண்டுகொள்ளலாம். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் கல்வி பற்றி எழுதிய நூலையும் இவர்தான் ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தார்.

1756இல் பேராசிரியர் ஆனவர், 1760 பிப்ரவரியில் இறந்துபோனார். முப்பது வயதுதான். ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதிய வரலாற்றை ஏறக்குறைய பாதி வரை மொழிபெயர்த்திருந்தார். திருத்தம் போதாது என்று அதைச் சாவதற்கு முன் தாமே எரித்துவிட்டார் என்று அக்கால ரஷ்ய எழுத்தாளர் நொவிகோவ் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கூட்டம் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்தது.

ஒரு குறையும் சொல்லியாக வேண்டும். அந்த உரையைத் தமிழில் முழுமையாகக் கொண்டுவருவதாக முடிவு செய்தோம்; பாதிதான் முடிந்திருக்கிறது. ரஷ்ய மொழி தெரிந்தவர் நம்மில் ஒருவரே. பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்துவிட்டது. வரும் ஆண்டில் இரண்டு பேர் அவருக்கு உதவ முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், அடுத்த ஆண்டுக்கு மாஸ்கோவின் இன்னொரு தத்துவப் பேராசிரியரான த்மீத்ரி அனிச்கோவை எடுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. இயற்கைச் சமயம் எப்படித் தோன்றியது என்று 1769இல் ஆய்வேடு எழுதி எதிர்ப்பைச் சந்தித்தவர் அவர். ஒப்புதலுக்காக இதைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நன்றி.
செயலாளர்