டேபிளுக்கு அடியில் 11 கோடு

திண்டுக்கல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செல்விக்கு,

முழங்கால் வலி பரவாயில்லையா? போனில் கூப்பிட்டால் உன் பேரன் பிடுங்கிக்கொள்கிறான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் கார்மெண்ட் கம்பெனியில், தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங்கில் ஒரு பெண் இருக்கிறாள். பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. பெயரை எழுத மாட்டேன், புகார் கொடுத்தவள் பெயரை வெளியே விடக் கூடாது என்று வேலை இடத்தில் பாலியல் தொந்தரவைத் தடுக்கிற 2013 சட்டத்திலேயே இருக்கிறது. அயர்னிங்கில் ஒருத்தன், பீஸ் எடுக்கிற சாக்கில் பின்னாலிருந்து அவளை உரசிவிட்டுப் போவான். வருகிற சத்தமும் அவளுக்குக் கேட்காது, கத்தவும் முடியாது. ஒருநாள் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் டேபிளுக்கு அடியில் குனியவைத்தாள். பலகையில் மார்க்கிங் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டிருந்தாள். எண்ணிப் பார்த்தேன், 11. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுதத் தெரியாதவளுக்கு, இந்தப் புகார்களை விசாரிக்கிற கம்பெனிக் கமிட்டியே எழுத உதவ வேண்டும். உடல் இயலாமையால் தானே புகார் கொடுக்க முடியாவிட்டால், கூட வேலை பார்க்கிறவளும் கொடுக்கலாம். அவளிடம் சம்மதம் கேட்டு நான்தான் எழுதினேன்.

நிர்வாகம் இழுத்தடிக்கும் என்று நினைத்தேன். முதல் தடை நம் சங்கத்திலிருந்தே வந்தது செல்வி. அவனும் சந்தா கட்டுகிறவன். "நம்ம ஆளை நாமே மாட்டிவிடலாமா"ன்னு நம் அண்ணன்மார்களே கேட்டார்கள். செயற்குழுவில் மூன்று மணி நேரம் சண்டை. "அவளும்தானே சந்தா கட்டுறா"ன்னு நான் கத்தினதும்தான் கொஞ்சம் அடங்கினார்கள். அவன் பக்கத்தையும் கமிட்டி ஒழுங்காகக் கேட்கிறதா என்று சங்கம் பார்த்துக்கொள்ளும், புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி யாரும் அவள் வீட்டுக்குப் போகக் கூடாது என்று முடிவானது.

அதற்குப் பிறகுதான் ஹெச்.ஆர். மேடத்தோடு உட்கார்ந்தோம். விசாரணைக்கு அவள் அண்ணனே சைகையை விளக்கட்டும் என்றார்கள். அண்ணன் முன்னால் எந்தப் பெண் இதையெல்லாம் சொல்லுவாள்? காது கேளாதோர் பள்ளியில் இருந்து ரிட்டயர்டு ஆன டீச்சர் ஒருவரை நாங்கள் தேடிப் பிடித்தோம், செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. விசாரணை முடியும்வரை அவனைத்தான் வேறு யூனிட்டுக்கு அனுப்பினார்கள், அவளை இல்லை. உன்னை அன்றைக்கு டெய்லரிங்கிலிருந்து எடுத்து நூல் வெட்டப் போட்டார்களே, நீயும் அழுதுகொண்டே நின்றுவிட்டாயே, அதை நினைத்துக்கொண்டேதான் அந்தக் கூட்டத்தில் பேசினேன். 90 நாள் அவகாசம் இருந்தும் 34 நாளில் முடித்தார்கள். குற்றம் உறுதியாகி அவனை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று.

2021 ஜனவரியில் நம் பக்கத்து மில்லுப் பெண் கொலையாகி, சூப்பர்வைசர் கைதானது உனக்கு மறந்திருக்காது. அதற்கப்புறம்தான் 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனோடு அந்தப் பெண் வேலை பார்த்த கம்பெனி கையெழுத்துப் போட்டது, துணி வாங்குகிற வெளிநாட்டு பிராண்டுகளான எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். மூன்றும் அதற்குக் கட்டுப்பட்டன. தளத்தில் வேலை பார்க்கிற பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, தொந்தரவைக் கவனித்துச் சொல்கிற பொறுப்பை ஒப்படைத்தார்கள். அதைப் பார்த்துத்தான் எங்களுடையதிலும் லைனுக்கு இரண்டு பெண்கள் கேட்டு வாங்கியிருக்கிறோம். ஆனால் எங்களிடம் பிராண்டுக்காரன் கையெழுத்து இல்லை. மேடம் மாறிப் போனால் என்ன ஆகும் என்கிற பயம் எனக்கு இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்று. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், 20 பேருக்குக் குறையாத தனியார் கம்பெனியும் அவர்களுக்கு என்னென்ன வசதி செய்யும் என்று எழுதி வைக்க வேண்டும். எங்களுடையதில் அப்படி ஒரு தாள் இருந்ததே யாருக்கும் தெரியாது. அதை எடுத்து வைத்துக்கொண்டு அவளையே கேட்டோம், உனக்கு என்ன வேணும் என்று. டேபிளைத் திருப்பிப் போடச் சொன்னாள், அவ்வளவுதான். இப்போது அவளுக்குப் பின்னால் சுவர்தான், யார் வந்தாலும் எதிரேதான் வர வேண்டும். ஃபயர் அலாரத்தோடு சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு சிவப்பு லைட்டும் போட்டிருக்கிறார்கள். எலக்ட்ரீசியனுக்கு அரைநாள் வேலை.

போலியோ கால் உள்ள நம் அக்காவுக்கு உயரமான ஸ்டூல் வந்துவிட்டது. டார்கெட்டை மட்டும் குறைக்க மாட்டேன் என்கிறார்கள். வியாழக்கிழமை மறுபடி உட்காருகிறோம். உன்னை மாற்றின அந்த ஆர்டர் தாள் இன்னும் வைத்திருந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, கூட்டத்தில் காட்டணும்.

உன்
வசந்தா