கோலத்தில் வழிந்த ஆயில்

திருவொற்றியூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலேயே ஊசியில் நூல் கோக்கிறாள், நாளுக்கு நாலு தடவை அதை எனக்குச் செய்தும் காட்டுகிறாள். உன் சின்னவனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னதும் வடிவுடையம்மனுக்கு ஒரு முழம் பூ வாங்கிச் சாத்திவிட்டு வந்தாள். பிரசாதக் குங்குமம் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது.

போன வாரம் போனில் "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டாய். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அது பொய், கலா. நீ கேட்ட நேரத்தில் கார் கொருக்குப்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் ஜாக்கி மேல் நின்றுகொண்டிருந்தது. 2018-ல் கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது சாவியை என் கையில் வைத்து, "பார்த்துக்கோடி" என்று சொன்னாய். பணம் கொடுத்து வாங்கினேன்தான், ஆனாலும் இன்றுவரை எனக்கு அது உன் வண்டி. மறைத்தது உறுத்திக்கொண்டே இருக்கிறது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டதால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போனோம். அம்மா, பெரியக்கா, அவள் மகள்கள் இரண்டு பேர், நான். திரும்பும்போது டிக்கியில் ஐஸ் போட்ட மீன் பெட்டி வேறு. வண்டி நன்றாகப் படிந்துவிட்டது. எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் வரிசை நின்றதால் தண்டையார்பேட்டைக்குள் ஒரு தெருவில் புகுந்தேன். அங்கே புது ரோடு போடுவதற்காக மேல் தாரைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ரோடு கீழே இறங்கிவிட்டது, பாதாளச் சாக்கடை மூடி மட்டும் பழைய உயரத்திலேயே நின்றது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. வேகன் ஆருக்குத் தரையிலிருந்து 165 மில்லிமீட்டர் இடைவெளி என்கிறார்கள், அது ஆள் ஏறாத கணக்கு. ஒரு பக்கச் சக்கரத்தை மூடி மேலேயே ஏற்றி, மெதுவாக இறக்கியிருந்தால் அடிப்பாகம் உயர்ந்து தாண்டியிருக்கும். நடுவில் விட்டதால் "டங்" என்று ஒரு சத்தம். காலடியில் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. அம்மா "முருகா" என்றாள். வண்டி எப்போதும் போல ஓடியது, அதனால் இறங்கிப் பார்க்கவில்லை.

மறுநாள் ஐந்தரை மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். சிக்குக் கோலம், பதினோரு புள்ளி. பால் வாங்கிவிட்டுத் திரும்பி வரும்போது விடிந்திருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு மெதுவாக வழிந்து வந்து கோலத்தின் ஒரு மூலையைத் தொட்டிருந்தது. அரிசி மாவு அதை உறிஞ்சி, வெள்ளை இழை முதலில் தேன் நிறமாகி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. ஏசி தண்ணீராக இருந்தால் காய்ந்திருக்கும். கூலன்ட் என்றால் பச்சையோ சிவப்போ ஏதாவது ஒரு நிறம் காட்டும். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன், எஞ்சின் ஆயில்தான். குனிந்து டார்ச் அடித்தால், எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கி நிற்கும் தொட்டியின், அதாவது ஆயில் சேம்பரின், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். அதன் ஓரத்தில் முடி போன்ற ஒரு விரிசல். சொட்டு ஒன்று திரண்டு, கனத்து, விழ, அடுத்தது திரண்டது.

தெருமுனையில் இருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் வந்து ஒரு துணியால் துடைத்தார், ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையைப் பிசைந்து அப்பினார், மேலே அரை லிட்டர் ஆயில் ஊற்றினார். "இனிமே கவலையில்லக்கா" என்றார். நம்பினேன். இரண்டு நாள் சொட்டவும் இல்லை. எம்-சீல் கெட்ட பொருள் இல்லை, வழியில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேரக் கைகொடுக்கும். ஆனால் ஆயில் ஈரத்தின் மேல் அது பிடிக்காது. தகரத்தைத் தேய்த்து, பெட்ரோல் போட்டுக் கழுவி, காய வைத்து அப்ப வேண்டும். உள்ளேயிருந்து ஆயில் கசிந்துகொண்டே இருந்தால் எப்படிக் காயும்? இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை கத்திவாக்கத்துக்கு நம் கணக்கு டீச்சரைப் பார்க்கப் போனேன். எண்பதைத் தாண்டிவிட்டார். உன் பெயரைச் சொன்னதும், "முதல் பெஞ்சில் ஜன்னல் ஓரம்" என்று சரியாகச் சொன்னார். அவருக்கு ஒரு கடிதம் போடு, கலா. கையால் எழுதிய கடிதம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது என்றார்.

திரும்பி வரும்போது எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு லாரிக்காகப் பிரேக் போட்டேன். டேஷ்போர்டில் சிவப்பாக ஏதோ கண் சிமிட்டி அணைந்தது. அடுத்த பிரேக்கில் மறுபடியும். மூக்கு வைத்த எண்ணெய்க் கிண்டி போல, நுனியில் ஒரு சொட்டோடு இருக்குமே, அந்தப் படம். மூன்றாவது தடவை அணையவே இல்லை. ஓரம் கட்டி, உடனே எஞ்சினை அணைத்தேன். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். ஒருவர் பைக்கை நிறுத்தி, "பங்க் பக்கத்துலதான்மா, மெதுவா ஓட்டிட்டுப் போய் ஆயில் ஊத்திக்கங்க" என்றார். நல்ல மனுஷர், உதவத்தான் சொன்னார். நான் சாவியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். 2014-லோ என்னவோ, எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுக்கும்போது நீ சொன்னது நினைவிருக்கிறதா? "மற்ற விளக்கு எரிந்தால் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், இது எரிந்தால் அங்கேயே நிறுத்து." உன் குரல்தான் அன்றைக்கு எஞ்சினைக் காப்பாற்றியது.

ஒரு குட்டி யானையில் கயிறு கட்டிக் கொருக்குப்பேட்டைக்கு இழுத்து வந்தோம். எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல் போல இருக்கும், ஸ்டியரிங்கும் லேசில் திரும்பாது. அதனால் குட்டி யானைக்காரர்களுடைய பையனையே உட்கார வைத்து ஓட்டச் சொன்னேன். ஷெட் வைத்திருக்கும் பாய் முப்பது வருஷமாக இந்த வேலையில் இருப்பவர். அவர் முதலில் சேம்பரைத் தொடவே இல்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நுனியில் ஈரமே இல்லை. "விளக்கு ஆயில் அளவைக் காட்டுறதில்லம்மா, பிரஷரைத்தான் காட்டும். அது எரியுதுன்னா ஏற்கெனவே லேட்டு" என்றார். ஆயில் கொஞ்சமாக இருக்கும்போது பிரேக் போட்டால் அது முன்பக்கம் ஓடிவிடும். பம்ப் உறிஞ்சும் இடத்தில் காற்றுதான் இருக்கும். அதனால்தான் முதலில் பிரேக்கில் மட்டும் சிமிட்டியிருக்கிறது. எஞ்சினுக்குள் கிராங்க் தண்டு சுற்றும் பேரிங்குகளில் ஒரு தலைமுடி அளவுக்குக்கூட இடைவெளி கிடையாதாம். அந்த இடுக்கில் ஆயில் படலம் இருக்கும்வரை இரும்பு இரும்பைத் தொடாது. படலம் போனால் நிமிஷக் கணக்கில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்.

பத்தாம் நம்பர் ஸ்பானரால் சுற்றியிருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கசியாமல் ஒட்டும் பசையான அனபாண்ட் பழையது பிடித்திருந்ததால் மெல்லிய தகடு ஒன்றை இடுக்கில் விட்டு, சுற்றிச் சுற்றித் தட்டித்தான் சேம்பர் இறங்கியது. அதைத் திருப்பி என்னிடம் காட்டினார். விரிசல் சின்னதுதான். நசுங்கல்தான் எமன். அடித்தகடு உள்பக்கமாக எழும்பி, ஆயில் உறிஞ்சும் ஸ்டிரெய்னரின் வாயைத் தொடும் அளவுக்கு வந்திருந்தது. சேம்பர் நிறைய ஆயில் இருந்தாலும் பம்புக்குச் சரியாகப் போவதற்கு வழி இல்லை. வெளியே எவ்வளவு அழகாக அடைத்திருந்தாலும், ஒரு சொட்டுகூடக் கசியாமல் இருந்திருந்தாலும், ஒருநாள் எஞ்சின் போயிருக்கும். உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது இதைத்தான். சேம்பர் அடிபட்டால் ஒழுகும் ஓட்டையை மட்டும் பார்க்காதே, இறக்கி உள்ளே பார்க்கச் சொல். அந்த முதல் ஆள் இறக்கிப் பார்த்திருந்தால் எனக்கு இந்த அலைச்சலே இல்லை. அவர்மேல் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

அப்புறம் பாய் ஒரு காரியம் செய்தார். சேம்பரில் தேங்கியிருந்த ஆயிலை விரலில் எடுத்து, வாசலுக்கு வந்து வெயிலில் பிடித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மூன்று தடவை. நான் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேரிங் தேய்ந்திருந்தால் ஆயிலில் ஜிகினா மாதிரி மினுக்குமாம். ஸ்டிரெய்னர் வலையையும் வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தார். ஒன்றும் மினுங்கவில்லை. "சீக்கிரம் நிறுத்திட்டீங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தட்டி நிமிர்த்தி, விரிசலைப் பற்றவைத்தால் போதுமா என்று கேட்டேன். இரும்புச் சேம்பரில் செய்யலாம், ஆனால் சூட்டில் விளிம்பு கோணிப்போனால் மறுபடி அங்கேயே கசியும் என்றார். சில வண்டிகளில் அலுமினியச் சேம்பர். அது நசுங்காது, அடி பலமாக விழுந்தால் பிளந்துவிடும். பாதி வழியிலேயே ஆயில் முழுக்கக் கொட்டிவிடும். இதுவாவது நசுங்கித் தாங்கியதே. புதிதே போடச் சொன்னேன். சேம்பர், டிரெயின் போல்ட்டின் வாஷர், ஃபில்டர், 5டபிள்யூ-30 ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய் ஆனது.

மாட்டும் வேலைதான் பொறுமையானது. எஞ்சின் பிளாக்கின் விளிம்பில் ஒட்டியிருந்த பழைய அனபாண்டைச் சுரண்ட மட்டும் அரை மணி நேரம். எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு, புதுசை ஒரே கனத்தில், போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக, கை எடுக்காமல் இழுத்தார். சிக்குக் கோலத்தில் இழை இழுக்கிற மாதிரியே இருந்தது. அதிகம் வைத்தால் உள்பக்கம் பிதுங்கி, உதிர்ந்து, ஸ்டிரெய்னரை அடைத்துவிடுமாம். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஆரம்பித்து, எதிரெதிராக, இரண்டு சுற்றாக முடுக்கினார். சின்ன போல்ட், வேகமாக முடுக்கினால் மரை போய்விடும். அன்றைக்கே ஆயில் ஊற்றவில்லை. ராத்திரி முழுக்கக் காய விட்டார். நீ போன் பண்ணியது அந்தச் சாயங்காலம்தான்.

மறுநாள் ஆயில் ஊற்றி, அளவு பார்த்து, செல்ஃப் அடித்தார். அந்தச் சிவப்பு விளக்கு எரிந்து, இரண்டு மூன்று விநாடியில் அணைந்தது. ரேஸ் கொடுக்காமல் கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு, கீழே படுத்து விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தந்தார்.

இன்ஷூரன்ஸில் கேட்டிருக்கலாமே என்பாய். மோதி அடிபட்ட சேம்பருக்குக் கிடைக்கும்தான். ஆனால் எனக்கு நோ கிளெய்ம் போனஸ், அதாவது இன்ஷூரன்ஸ் பணம் கேட்காத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, 50 சதவீதம் ஏறியிருக்கிறது, இந்தத் தொகைக்காக அதை இழப்பது நஷ்டம். நீ உன் புது வண்டியின் பாலிசியை எடுத்து ஒன்றை மட்டும் பார். விளக்கு எரிந்த பிறகும் ஓட்டி எஞ்சின் பிடித்துக்கொண்டால், சாதாரண பாலிசியில் எஞ்சினுக்குப் பணம் வராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

பழைய ஆயிலைப் பாய் டிரம்மில் ஊற்றி மூடி வைத்தார், வாங்கிப் போக ஆள் வருமாம். சாக்கடையில் ஊற்றாததைப் பார்த்ததும் எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர் கழிமுகம் கறுத்துக் கிடந்ததை நீ டிவியில்தான் பார்த்தாய். நான் நேரில் பார்த்தேன். மீனவர்கள் படகில் நின்று வாளியால் அள்ளிக்கொண்டிருந்தார்கள், முழங்கை வரை கறுப்பு. அலையாத்திச் செடிகளின் அடியில் தண்ணீர் ஏறிய உயரம் வரைக்கும் கறுப்புப் பட்டை. என் வாசலில் ஒரு கோலம் கெட்டதற்கே நான் மூன்று நாள் மரத்தூளும் சோப்புத் தூளும் போட்டுத் தேய்த்தேன். ஒரு லேசான தடம் இன்னும் இருக்கிறது.

தினமும் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப் பெட்டியை விரித்து வைக்கிறேன். காலையில் எடுத்துப் பார்த்தால் எந்த இடத்தில் எவ்வளவு சொட்டியது என்று தெரிந்துவிடும். எட்டு நாளாக அட்டையில் ஒன்றும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை, எஞ்சின் ஆறிய பிறகு சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக் பார்க்கிறேன். அக்கா மகளுக்கும் கற்றுக் கொடுத்துவிட்டேன்.

பங்குனி உத்திரத்துக்கு வருகிறேன் என்றாயே, டிக்கெட் போட்டுவிட்டாயா? சென்ட்ரலிலிருந்து மெட்ரோ ஏறித் தேரடியில் இறங்கிவிடுகிறேன் என்று சொல்லாதே. வண்டியோடு வருகிறேன். தண்டையார்பேட்டையில் அந்தத் தெருவுக்கும் இப்போது புதுத் தார் போட்டுவிட்டார்கள், ரோடும் மூடியும் சமமாக இருக்கின்றன. திரும்பி வரும்போது நீ ஓட்டு.

அன்புடன்,
வசந்தா