வீட்டுக்குக் காணி சரி, மரக்கறிக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தில் தோட்டத் தொழிலாளருக்குக் காணி என்றாலே, வீடு கட்ட 7 பேர்ச்சா, 10 பேர்ச்சா என்ற பேச்சுத்தான் நடக்கிறது. வீட்டுக்கு உறுதி கிடைப்பது பெரிய விஷயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏக்கருக்கு 160 பேர்ச். 10 பேர்ச் என்பது அதில் பதினாறில் ஒரு பங்கு. வீட்டைக் கட்டி, கக்கூஸ் குழியும் வெட்டிய பிறகு லீக்ஸ் நட எங்கே இடம்?

கந்தப்பளை, இராகலைப் பக்கம் வந்து பாருங்கள். லயத்துக்குப் பின்னால், ஓடையோரத்தில், தேயிலை கைவிட்ட மேட்டில் எங்கள் ஆட்கள் கரட்டும் கோவாவும் போஞ்சியும் போடுகிறார்கள். தோட்டச் சம்பளம் போதாத வீடுகளில் பிள்ளைகளின் படிப்பு இதில்தான் ஓடுகிறது. அந்த மண்ணுக்கு ஒரு துண்டுக் கடிதாசி கிடையாது. எங்கள் அண்ணன் உர மானியம் கேட்டுப் போனபோது, காணிப் பத்திரம் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தோட்டத்தை நடத்தும் துரை மாறினால் பயிரைப் பிடுங்கச் சொல்வார்களோ என்ற பயம் வேறு.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணி விவசாயிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. தோட்டத் தொழிலாளர் அதில் சேர்க்கப்படவில்லை. 1948இல் குடியுரிமையும் போனது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் வந்தன, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இத்தனை கைமாறியும் அதில் உழைத்தவர் கைக்கு வரவில்லை. குடியுரிமைப் பிரச்சினையை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தீர்த்துவிட்டது. இன்னும் என்ன தடை?

அப்புறம் தண்ணீர். பொது நீரோடைகளின் நீர் அரசுடையது என்கிறது 1947ஆம் ஆண்டின் அரச காணிக் கட்டளைச் சட்டம். நடைமுறையில் ஊற்று தோட்டத்துக்குள் இருந்தால் தோட்டம் வைத்ததுதான் சட்டம். மேலே ஒருவர் மோட்டர் போட்டு இழுத்தால் கீழே பீலியில் தண்ணீர் வற்றுகிறது. மாசி, பங்குனியில் குடிக்கவே வரிசையில் நிற்கிறோம், பாத்திக்கு எங்கே ஊற்றுவது? முறையிடப் போனாலும் முதலில் கேட்பது காணிப் பத்திரத்தைத்தான்.

வீட்டுக் காணியை அளக்க நில அளவையாளர் வரும்போதே, பல வருடமாக மரக்கறி செய்யும் துண்டையும் அளந்து நீண்டகால அனுமதிப்பத்திரம் கொடுங்கள். எந்த ஊற்றிலிருந்து, எந்த வழியாகத் தண்ணீர் எடுக்கலாம் என்பதும் அதிலேயே எழுதப்பட வேண்டும். மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைச் சபையில் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
மரக்கறிச் செய்கையாளர் ஒருவர்,
கந்தப்பளை