பந்து கையில் இல்லாதபோது பார்

அன்புள்ள கண்ணம்மா,

உன் கூடைப்பந்து அணிக்கு வந்திருக்கும் அந்தப் புதுப் பையனைப் பற்றி, "நல்லா ஆடுறான்ப்பா, ஆனா எதுவோ ஒண்ணு குறையுது" என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் பார்த்தேன். வேகம் இருக்கிறது, வளையத்துக்குக் கீழே கூட்டத்துக்குள்ளும் பயமில்லாமல் ஏறுகிறான். இடது கை மட்டும் பலவீனம், அந்தப் பக்கம் தள்ளினால் டிரிபிளை, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவதை, நிறுத்திவிடுகிறான். அது பயிற்சியில் சரியாகிவிடும், விடு.

நீ கவனிக்க வேண்டியது பந்து அவனிடம் இல்லாத நேரத்தை. 40 நிமிட ஆட்டத்தில் ஒருவன் கையில் பந்து இருப்பது சில நிமிடங்கள்தான், மீதி நேரமெல்லாம் அவன் கண் எங்கே இருக்கிறது என்று பார். பாஸ் வந்து சேர்வதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்து வைக்கிறானா, இல்லை பிடித்த பிறகுதான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தேடுகிறானா? உன் பையன் பிடித்த பிறகு தேடுகிறான். அந்த ஒரு நொடியில் எதிராளி முன்னால் வந்து நின்றுவிடுகிறான், அப்புறம் அத்தனை வேகம் இருந்தும் பயனில்லை. நீ சொன்ன குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

டிஃபென்ஸிலும் அப்படியே. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது இந்தக் கோடியில் தான் தடுக்க வேண்டிய ஆளை ஒட்டியே நிற்கிறான், பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆளும் பந்தும் ஒரே பார்வையில் படும்படி நடுப்பக்கம் கொஞ்சம் இறங்கி நின்றால்தான் யாராவது தாண்டி வரும்போது உதவிக்குப் போக முடியும். ஸ்கிரீன் வருவதை, அதாவது எதிரணி ஆள் ஒருவன் நம் ஆளை வழிமறித்து நிற்க வருவதை, கத்திச் சொல்கிறானா என்றும் காது கொடுத்துக் கேள். களத்தில் வாய் திறந்து பேசும் புதுமுகத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும், பார்த்தவனால்தானே சொல்ல முடியும்!

டர்ன்ஓவர், அதாவது பந்தை எதிரணியிடம் பறிகொடுத்த எண்ணிக்கையை வைத்து அவனை எடை போடாதே. மூலையில் ஆள் தனியாக இருப்பதைச் சரியாகக் கண்டு, பாஸைக் கொஞ்சம் தாமதமாகவோ உயரமாகவோ விட்டுப் பறிகொடுப்பது ஒன்று. ஆளே தெரியாமல் எதிராளி கையில் கொடுப்பது இன்னொன்று. ஸ்கோர் ஷீட்டில் இரண்டும் ஒன்றுதான். முதல் வகைத் தவறு செய்பவன் வளருவான், அதற்காக அவனைத் திட்டி பெஞ்சில் உட்கார வைத்தால் அடுத்த முறை அந்தப் பாஸை முயற்சி செய்யவே மாட்டான். இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வை.

அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஆடும் நிகோலா யோகிச்சை, அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2014 டிராஃப்டில் 41-வதாகத்தான் எடுத்தார்கள். பெரிய வேகமோ குதிப்போ இல்லாத ஆள், ஆனால் 2021, 2022, 2024 என்று மூன்று முறை எம்விபி, அதாவது அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர். பந்து வரும் முன்பே அடுத்து எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த அளவுக்கு எல்லோருக்கும் வராது, சரி. ஆனாலும் இது முழுக்கப் பிறவியிலேயே வருவது என்று நான் நம்பவில்லை. பாஸ் காற்றில் இருக்கும்போது நீ விரல்களைத் தூக்கிக் காட்டு, பிடிப்பதற்குள் அவன் எத்தனை என்று சொல்லட்டும். டிரிபிளே கூடாது என்று சொல்லி மூவருக்கு மூவர் ஆடவிடு, தலை தானாக நிமிரும்.

இன்னொன்று, கடிகாரம். எதிர் வளையத்தடியில் ரீபவுண்ட் எடுத்தால், அதாவது நம் ஷாட் வளையத்தில் பட்டுத் தவறி வரும் பந்தை நாமே பிடித்தால், அடுத்த ஷாட்டுக்கு வழக்கமான 24 அல்ல, 14 நொடிதான் கிடைக்கும். அவன் அங்கே பந்தை வெளியே கொண்டுவந்து நிதானமாகப் புதிதாகத் தொடங்குகிறான். விதி தெரியாமலா, தெரிந்தும் கடிகாரத்தைப் பார்க்காமலா என்று அவனிடமே கேள்.

நீ அனுப்பியதில் போன் பந்து பின்னாலேயே ஓடுகிறது, அதனால் மற்ற நான்கு பேர் பாதி நேரம் தெரியவில்லை. அடுத்த ஆட்டத்தை மேல் வரிசையில் உட்கார்ந்து, ஜூம் செய்யாமல், முழுக் களமும் தெரியும்படி எடுத்து அனுப்பு. முதல் ஐந்தில் அவனைப் போடுவதா என்ற முடிவை அதுவரை தள்ளி வை.

அன்புடன்,
அப்பா