மூன்று நாள் கெடு

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

ஏழு மாதமாக எழுதவில்லை. திட்டுவதையெல்லாம் சேர்த்து வைத்து மொத்தமாகத் திட்டிக்கொள். அம்மாவின் கால்வலி தேவலையா? இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வீடு போயிடுச்சு டி.

இங்கே நியூஜெர்சியில் எடிசன் பக்கத்தில், வாசலில் மேப்பிள் மரத்தோடு, நாங்கள் வாங்க இருந்த ஒரு வீட்டின் படம் அனுப்பினேனே, அதேதான். வியாழக்கிழமை இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு ஒப்பந்த நகல் கைக்கு வந்தது. இவர் அன்றைக்கே பால் காய்ச்ச நாள் பார்க்க உட்கார்ந்துவிட்டார். செவ்வாய் சாயங்காலம் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விற்பவரின் வக்கீலிடமிருந்து மின்னஞ்சல். மூன்றே வரி. ஒப்பந்தத்தை ஏற்கவில்லையாம். காரணம் கிடையாது. யாராவது கூடக் கொடுத்திருப்பார்கள், வேறென்ன.

கையெழுத்துக்குப் பிறகு அது எப்படி என்று குதிப்பாய். இவரும் குதித்தார். வெட்கக்கேடு என்னவென்றால், இதே மூன்று வரியை வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து பதினோரு வருஷமாக நானே அடித்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

அமெரிக்கச் சட்டம் என்றாலே உனக்கு வாஷிங்டன்தான். என் மேஜையை ஆட்டிவைப்பது டிரெண்டனில் இருக்கும் நியூஜெர்சி சுப்ரீம் கோர்ட்டு. தரகர் ஒப்பந்தப் படிவத்தை நிரப்பினால் அது வக்கீல் வேலை ஆகாதா என்று இங்கே வக்கீல் சங்கத்துக்கும் தரகர் சங்கத்துக்கும் சண்டை. (பத்திர எழுத்தர்களோடு நீ போடுவாயே, அந்த மாதிரி.) கடைசியில் சமரசமாகி, 1983ல் கோர்ட்டு அதற்கு முத்திரை குத்தியது. தரகர் நிரப்பலாம்; ஆனால் மூன்று வேலைநாளுக்குள் எந்தப் பக்கத்து வக்கீலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சனி, ஞாயிறு கணக்கில் வராது. சட்டசபை போட்ட சட்டமில்லை இது.

அதில் ஒரு கூத்து. மறுப்பைப் பதிவுத் தபாலில், தந்தியில், அல்லது நேரில் கொடுக்க வேண்டும் என்று அப்போது வாசகம். தந்தி! வெஸ்டர்ன் யூனியன் 2006லேயே தந்திக்கு மூடுவிழா நடத்திவிட்டது. எங்கள் படிவத்தில் மட்டும் அதற்கப்புறமும் அது சாகாமல் கிடந்தது. மின்னஞ்சலும் அனுப்பிவிட்டு, பயத்தில் பதிவுத் தபாலும் போட்டு, ஒப்புகை அட்டை வருகிறதா என்று காத்துக்கிடப்போம். 2017ல் கான்லி வழக்கில்தான் மின்னஞ்சலும் பேக்ஸும் செல்லும் என்றார்கள். அந்த வழக்கிலும் பின்வாங்கியவர் விற்பவர்தான், வேறு ஆட்கள் விலை கேட்டு வந்ததால். படித்துவிட்டு, ‘அப்பாடா, தபாலாபீஸ் நடை மிச்சம்’ என்று ஆபீஸில் கைதட்டியவள் நான். வீட்டை இழந்தவர்களைப் பற்றி அன்றைக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இவர் இப்போது தெற்கே, கேம்டன் பக்கம் பார்க்கலாம் என்கிறார். அங்கே வக்கீலே இல்லாமல், சொத்துரிமையைச் சரிபார்க்கும் டைட்டில் கம்பெனி மேஜையில் வீடு கைமாறும் பழக்கம் உண்டு. வக்கீல் இல்லாததன் ஆபத்தைத் தரகர் முன்கூட்டியே எழுத்தில் எச்சரித்துவிட்டால் போதும் என்று 1995ல் இதே கோர்ட்டு விட்டுவிட்டது. சவுத் கரோலைனா கோர்ட்டோ வக்கீல் இல்லாமல் குளோசிங்கே (வீடு கைமாறும் கடைசிக் கட்டம்) கூடாது என்று 1987லேயே சொன்னது. மாநிலம் மாறினால் என் பதினோரு வருஷம் செல்லாக்காசு. “வக்கீல் எதற்கு, நீதான் இருக்கிறாயே” என்கிறார் மனிதர். எனக்குப் பயமாக இருக்கிறது டி.

நேற்று ஆபீஸில் ஒரு மறுப்பு அடிக்க வேண்டியிருந்தது. வாங்குகிறவர்கள் பெயர் வந்த இடத்தில் கை நின்றுவிட்டது. அப்புறம் அடித்து அனுப்பினேன், நாலரை மணிக்கு.

ஜன்னல் கம்பி கேஸ் என்னதான் ஆச்சு? எழுது.

உன்,
மூணாம் பெஞ்ச்