தேக்கடிக்கு ஒரு பகல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையிலிருந்து விடுமுறைக்குப் போய்வரக்கூடிய இடங்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், காலையில் கிளம்பி இரவில் வீடு திரும்பும் ஊர்களோடு தேக்கடியையும் சேர்த்திருக்கிறீர்கள். குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்கள் அதை நம்பினால் ஏமாந்துதான் திரும்புவார்கள்.

தேக்கடியை ஒட்டிய குமுளி, மதுரையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, கம்பம் தாண்டிப் போய்ச்சேர நான்கு மணி நேரமாவது ஆகும். இருட்டோடு கிளம்பினாலும் படகுத்துறைக்குப் போவதற்குள் வெயில் ஏறிவிடும். யானை, காட்டுமாடு, கடமான் எல்லாம் தண்ணீருக்கும் புல்லுக்கும் கரைக்கு இறங்குவது பெரும்பாலும் காலையிலும் சாயங்காலத்திலும்தான்; உச்சிப்பொழுதில் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். முந்தின நாளே குமுளியில் தங்கி முதல் படகைப் பிடிப்பதுதான் வழி.

முதல் படகு வழக்கமாகக் காலை 7.30-க்கு. பூங்கா நுழைவுச்சீட்டு வேறு, படகுச்சீட்டு வேறு என்பது பலருக்கு அங்கே போன பிறகுதான் தெரிகிறது. விடுமுறைக் காலத்தில் முன்பதிவு செய்யாமல் போனால் படகில் இடம் கிடைப்பது கஷ்டம். அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். சொந்தக் காரில் படகுத்துறை வரை போக முடியாது. ஆனவச்சாலில் வண்டியை நிறுத்தி, வனத்துறை பஸ்ஸில் போய் இறங்கி, கொஞ்ச தூரம் நடக்கவும் வேண்டும். இந்த நேரத்தைக் கணக்கில் விட்டுவிடுவதால்தான் பலர் கண்ணெதிரே படகைத் தவறவிடுகிறார்கள். ஆறு மணிக்கே ஆனவச்சாலில் நிற்பது உத்தமம்.

படகில் நடந்துகொள்ளும் முறை எல்லாவற்றையும்விட முக்கியம். 2009 செப்டம்பர் 30 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்கைப் பார்க்கும் ஆவலில் பயணிகள் ஒரே பக்கமாகச் சேர்ந்ததும் அன்று காரணமாகச் சொல்லப்பட்டது. இரண்டடுக்குப் படகில் மேல்தட்டில் இருப்பவர்கள் எழுந்து ஒரு பக்கம் போனால், பாரம் உயரத்தில் இருப்பதால் சாய்வு சட்டென்று கூடும். யானையே வந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும். இதைக் குழந்தைகளுக்கு லாட்ஜிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். உயிர்காப்பு அங்கியை மாட்டியதும் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காது வரை ஏறினால் தளர்வு என்று பொருள். பட்டையை இறுக்குங்கள், இல்லையென்றால் சிறிய அளவு கேளுங்கள்.

எந்த மாதம் என்பதும் பெரிய விஷயம். மழைக்காலத்தில் காடெங்கும் தண்ணீர் கிடப்பதால் விலங்குகள் ஏரியைத் தேட வேண்டியதில்லை. மார்ச் முதல் மே வரை நீர்மட்டம் இறங்கி, கரையில் புல்வெளி அகலமாக விரியும். அப்போதுதான் பார்க்க வாய்ப்பு அதிகம். புலிகள் காப்பகம் என்ற பெயரை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்குப் புலியை வாக்களிக்காதீர்கள். 925 சதுர கிலோமீட்டர் காட்டில் அது படகுச் சத்தம் கேட்டு வந்து நிற்காது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் மொட்டைத் தூர்கள் ஏரிக்குள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் சிறகை விரித்துக் காயும். அதைக் காட்டினாலே குழந்தைகள் ஒன்றிவிடுவார்கள். பைனாகுலர் 8×42 போதும். பெரிதாக்கும் திறன் கூடக்கூட ஓடும் படகில் காட்சி நடுங்கும்.

வனத்துறை வழிகாட்டியுடன் நடந்து போகும் வசதியும் உண்டு. ஒரு காலத்தில் இதே காட்டில் மரப்பட்டை உரித்தவர்களும் வேட்டையாடியவர்களும் இன்று வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணுக்குத் தப்புவது குறைவு. மழைக்கால நடைக்கு அட்டை ஏறாத நீளக் காலுறை கட்டாயம். சின்னக் குழந்தைகளுக்கு நடை வேண்டாம். புளியோதரைப் பொட்டலத்தையும் பிளாஸ்டிக் பையையும் அறையிலேயே வைத்துவிடுங்கள், குரங்கு விடாது.

திரும்பும்போது மலைச்சாலையில் அவசரம் வேண்டாம். மேலேயிருந்து லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். படகு போன அதே ஏரித் தண்ணீர்தான் அவற்றின் வழியே வந்து, வைகை அணை சேர்ந்து, மதுரைக்கும் மேலூர் வயல்களுக்கும் பாய்கிறது. நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நீர்ப்பாடம் கிடையாது.

கார்த்திகை பிறந்து தைப் பொங்கல் முடியும்வரை சபரிமலை வண்டிகளால் கம்பம் சாலை திணறும். வண்டிகளைக் கம்பமெட்டு வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. அந்த மாதங்களில் போகிறவர்கள் பயண நேரத்தில் இரண்டு மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உசிலம்பட்டி.