வருகைப் பதிவேட்டைக் கேட்டபோது உடன் நின்றவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

எங்கள் ஊராட்சியின் நூறு நாள் வேலை வருகைப் பதிவேடு ஆகஸ்ட் 15 கிராம சபையில் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்பட்டது. இறந்துபோனவர்களும், திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களும் ஏரியில் மண் வெட்டியதாக அதில் பதிவாகியிருந்தது. கூலி ஏன் குறைகிறது என்று கேட்டதற்காகவே வேலை மறுக்கப்பட்ட எங்கள் காலனிப் பெண்களுக்கு அன்றுதான் விடை கிடைத்தது.

மனு எழுதித் தந்த ஆசிரியர் ஐயாவுக்கு முதல் நன்றி. "இதெல்லாம் உனக்கெதற்கு?" என்று அலுவலகத்தில் அதட்டியபோது, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(2)இன்படி காரணம் சொல்லத் தேவையில்லை என்று எங்கள் பெண்களே பதில் சொல்லும் அளவுக்கு அவர் பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருந்தார். 30 நாள் கடந்தும் பதில் வராதபோது முதல் மேல்முறையீட்டையும், பிறகு தகவல் ஆணையத்திற்கான மனுவையும் வழக்கறிஞர் அம்மா கட்டணம் வாங்காமல் தயாரித்துக் கொடுத்தார்.

மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி இரவில் ஆட்கள் வந்த நாட்களில் எங்கள் வாசல்களில் படுத்துக் காவலிருந்த இளைஞர்களுக்கும், ஊர்த்தெருவிலிருந்து வந்து சபையில் எங்களோடு அமர்ந்த இரண்டு குடும்பங்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் குடும்பங்களுக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகூட இப்போது வருவதில்லை. பெயர்களை எழுதாததன் காரணம் அவர்களுக்கே தெரியும்.

நாங்கள் நேரில் காணாதவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ராஜஸ்தானின் கோட் கிரானாவில் 1994இல் கூலித் தொழிலாளர்கள் மக்கள் விசாரணை நடத்திக் கணக்கு கேட்டார்கள். 1996இல் அதே மாநிலத்தின் பியாவரில், தகவல் அறியும் உரிமை கேட்டு 40 நாள் தர்ணா இருந்தார்கள். தமிழ்நாடு 1997லேயே, நாட்டில் முதலாவதாக, இதற்கென ஒரு சட்டம் இயற்றியது உண்மைதான். ஆனால் அது விதிவிலக்குகள் மலிந்த சட்டம். எங்கள் கைக்கு எட்டியது 2005ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

எந்தத் தகவலைத் தர மறுக்கலாம் என்று சொல்லும் அந்தச் சட்டத்தின் பிரிவு 8(1)ஐ 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தியிருப்பது எங்களுக்குக் கவலை தருகிறது. பதிவேட்டில் பெயர்கள் இருந்ததால்தானே இறந்தவர் யார், இருப்பவர் யார் என்று சபையில் சொல்ல முடிந்தது? அவற்றைத் தனிநபர் விவரம் என்று மறைத்துக் கொடுத்திருந்தால், வெறும் தொகைகளை வைத்துக்கொண்டு யாரைக் கேட்டிருப்போம்?

அக்டோபர் 2 கிராம சபையில் ஏரியில் எவ்வளவு வேலை நடந்தது என்று அளந்து பதியும் அளவுப் புத்தகத்தைக் கேட்கவிருக்கிறோம். இயன்றவர்கள் அன்றும் வந்து உடனிருக்க வேண்டுகிறோம்.

நன்றியுடன்,
காலனிப் பெண்கள் குழு